சிந்துப் பெட்டியின் அடிக்குரல்

உங்களில் யாருக்காவது சிந்துப் பெட்டி நினைவிருக்கிறதா? பிள்ளையார்பாளையத்தில் நம்மோடு வளர்ந்தவர்களுக்கே மறந்திருக்கும். கல்யாணக் கச்சேரி மேடையில், டிரம்ஸுக்கும் கிதாருக்கும் நடுவில் ஒரு மேசைமேல் வைத்து வாசிப்பார்களே, ஹார்மோனியத்துக்குத் துருத்தியை வெட்டிவிட்டு ஒயர் மாட்டிய மாதிரி, அது. சரியான பெயர் சிந்தசைசர். நம் ஊர் வாயில் அது நுழையாமல் முதலில் சிந்துசைசர் ஆனது, பிறகு வெறும் சிந்துப் பெட்டி ஆகிவிட்டது. எழுபதுகளின் நடுவில் வந்தது.

அந்தப் பெட்டி மேடை ஏறுவதற்கு முன்னால் ஒரு மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில்தான் இருந்தது. அது உங்களுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். இப்போது சொல்லலாம். சொன்னால் கெட்டுப்போக இனி ஒன்றும் மிச்சமில்லை.

அப்பா ரேடியோ மெக்கானிக். தெருப்பக்கத்து அறைதான் கடை. உள்ளே நீள அறையில் அம்மாவின் தறி. ஒரே வீட்டில் இரண்டு வாசனை அடிக்கும். முன்னறையில் ஈயம் உருகும் புகை, பின்னறையில் சாயம் போட்ட பட்டின் ஈர வாசனை. அப்பா பழைய ரேடியோக்களிலிருந்து கழற்றிய சாமான்களைப் பிஸ்கட் டின்களில் பிரித்து வைத்திருப்பார். கெப்பாசிட்டர் டின் எனக்குப் பிடிக்கும். சிவப்பு, பச்சை, பழுப்பு என்று ஆரஞ்சு மிட்டாய் மாதிரி இருக்கும். தங்கச்சி ஒருமுறை ஒன்றை வாயில் போட்டுக்கொள்ள, அப்பா விரலை விட்டு எடுத்தார்.

தங்கச்சிக்கு அந்த வருஷம்தான் பள்ளிக்கூடம். அதற்கு முந்தைய வருஷம் அவளுக்குக் கழுத்தில் நெறி கட்டி, நெஞ்சில் சளி கட்டி, எலும்பும் தோலுமாகப் போய்விட்டாள். தினமும் ஊசி. அப்பா சைக்கிளின் முன் பாரில் துண்டை மடித்துப் போட்டு, அவளை உட்காரவைத்து டாக்டரிடம் கூட்டிப்போவார். மழை, வெயில் பார்த்ததில்லை. திரும்பும்போது அவள் கையில் ஒரு தேன்மிட்டாய் இருக்கும். ஊசி முடிந்தபோது உடம்பு தேறிவிட்டது. கன்னம்கூட உப்பியது. ஆனால் பிள்ளை மாறிவிட்டாள்.

கூப்பிட்டால் வரமாட்டாள். ஒன்று சொன்னால் வேறொன்று செய்வாள். டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க பெரிய பொண்ணு மாதிரி இல்லமா இவ. நான் பாட்டுக்குக் கத்திக்கினு இருக்கேன், இவ ஜன்னல் பக்கம் பாத்துக்கினு உக்காந்திருக்கா. திமிரு புடிச்ச பொண்ணு."

பள்ளிக்கூடத்தில் ஸ்கேலால் அடி. வீட்டில் அம்மா தறிக்கு நூலைத் தாராகச் சுற்றுகிற ராட்டினத்தில் இருந்துகொண்டே கூப்பிடுவாள், எழுந்து வருவாள், முதுகில் ஒன்று வைப்பாள். தங்கச்சி எதற்கு அடி என்று தெரியாமல் நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வையைத்தான் அம்மா 'முறைக்கிறா' என்பாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் கைவண்டியில் தார்ப்பாய் போட்டு மூடி அந்தப் பெட்டி வந்தது. கூடவே குழுக்காரர். ஊரில் அப்போது கல்யாணத்துக்கு மெல்லிசைக் கச்சேரி வைக்கிற வழக்கம் புதிதாகப் பரவிக்கொண்டிருந்தது. அவர் அதற்கு ஒரு குழு வைத்திருந்தார். வெற்றிலை வாய், பூப்போட்ட சட்டை, கட்டைக் குரல். கப்பலில் வேலை செய்த ஒருவரிடமிருந்து வாங்கிய ஜப்பான் பெட்டி அது. நம் ஊர் கரண்டில் அப்படியே சொருகியிருக்கிறார். புகை வந்து செத்துவிட்டது.

"உன்ன விட்டா இந்த ஊர்ல யாரு கீறாங்க தம்பி," என்றார் அப்பாவிடம். "தை மாசம் முகூர்த்தம் எல்லாம் புக்காகி இருக்குது. அதுக்குள்ள பேச வெச்சிடு."

அப்பா அதைப் பிரித்துப் போட்டபோது நானும் எட்டிப் பார்த்தேன். ரேடியோவைப் போல இல்லை அது. பச்சைப் பலகைகள், மயிர் மாதிரி ஒயர்கள். அப்பா முதலில் கரண்டை இறக்கித் தரும் டிரான்ஸ்பார்மர் ஒன்றைச் சுற்றினார். எரிந்ததை மாற்றினார். கிட்டத்தட்ட தீபாவளி வரை இழுத்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, ஸ்விட்சைப் போட்டு, நடுவில், ஹார்மோனியத்தில் இருக்கிற மாதிரி ஒரு கட்டையை அமுக்கினார்.

அப்பப்பா. காதுக்குள் கம்பி விட்ட மாதிரி ஒரு சத்தம். அம்மா தறியிலிருந்து, "ஐயோ, நிறுத்துங்க!" என்று கத்தினாள். தெருவில் நாய் குரைத்தது. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அப்பா சிரித்துக்கொண்டே திரும்பினார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

தங்கச்சி அவர் காலடியில்தான் உட்கார்ந்து காலி நூல்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கிக்கொண்டேதான் இருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

அப்பா மறுபடி அமுக்கினார். மேலே போகப் போக இன்னும் கீச்சென்று வந்தது. அவள் ஒரு நூல்கட்டைமேல் இன்னொரு நூல்கட்டையைக் கவனமாக வைத்தாள். அப்பா பெட்டியின் முகப்பில் சத்தத்தை மாற்றுகிற திருகுகளை ஒவ்வொன்றாகத் திருகினார். ஒரு திருகை ஏற்றி, பக்கத்துத் திருகை இறக்கிக் கீழ்க்கோடிக் கட்டையை அமுக்கியபோது, சத்தம் தடித்து, மொத்தையாகி, வயிற்றிலிருந்து வருவதுபோல் வந்தது. தங்கச்சி சட்டென்று நிமிர்ந்தாள். வாசல் பக்கம் பார்த்தாள்.

"அப்பா, மாடு கத்துது," என்றாள்.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இங்க வாடி," என்று அம்மாவைக் கூப்பிட்டார். "இவளுக்குத் திமிரு இல்லடி. கேக்கலடி. புள்ளைக்குக் காது கேக்கல."

அம்மா நம்பவில்லை. தங்கச்சியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டாள். மெதுவாக ஒருமுறை. உரக்க ஒருமுறை. பிறகு அலறினாள். தங்கச்சி நூல்கட்டைகளை அடுக்கினாள். அன்று காலையில்தான் அம்மா அவளை அடித்திருந்தாள். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனதும், அன்று முழுக்கத் தறி ஓடாததும் எனக்கு நினைவிருக்கிறது.

அடுத்த வாரம் அப்பா அவளை மெட்ராஸுக்கு ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனார். தறியில் முகூர்த்தப் புடவை இருந்ததால் அம்மா வரவில்லை. துணைக்கு நான் போனேன். டாக்டர் வயதானவர், மெதுவாகப் பேசுபவர்.

"முன்னாடி நெஞ்சுச்சளிக்கு ஊசி போட்டீங்களா?"

"ஆமாங்க," என்றார் அப்பா, பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தவர்போல. "ஒரு நாள் தவறல. நானே சைக்கிள்ல இட்டுக்கினு போனேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த ஊசி இல்லன்னா குழந்தை இல்ல. அத மறந்துடாதீங்க. ஆனா சில பேருக்கு அது காது நரம்பைத் தின்னுடும். முதல்ல கீச்சுச் சத்தம் போகும். அப்புறம் கீழ இருக்கறதும் கொஞ்சம் கொஞ்சமாப் போயிடும். இதுக்கு மருந்து இல்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். தங்கச்சி அவர் மடியில் தூங்கினாள். அவள் காது மடலை அவர் விரலால் வருடிக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு அவர் அவளைச் சைக்கிளில் ஏற்றி நான் பார்க்கவில்லை. எங்கே போவதென்றாலும் நடைதான். ஊசி விஷயத்தை மட்டும் அவர் அம்மாவிடம் சொல்லவேயில்லை. எனக்கு யாரும் சொல்லாதே என்று சொல்லவில்லை, ஆனாலும் நானும் சொல்லவில்லை.

காது கேட்காது, போகப்போக இன்னும் போகும் என்ற அளவுக்குத்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. அதைக் கேட்டதும் அவள் முதலில் செய்தது, வாசல் கதவைச் சாத்தியது.

"வெளிய ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. பொம்பளப் புள்ள. செவிடுன்னு பேரு வந்தா நாளைக்கு எவன் கட்டிப்பான்? பெரியவளையும் சேத்துத்தான் பேசுவாங்க. எம் புள்ள தலமேல அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க."

அப்பா சத்தியம் செய்தார். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. அந்தத் தெருவில் சுவருக்குச் சுவர் ஒட்டி வீடு. ஒரு வீட்டில் குழம்பு கருகினால் நான்கு வீட்டில் கேட்பார்கள்.

பிறகு அம்மா கோயிலை நம்பினாள். கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளில் கச்சபேஸ்வரர் கோயிலில் மண்டை விளக்கு எடுப்பார்கள், உங்களுக்குத் தெரியாததில்லை. தலைக்கு வந்த நோவெல்லாம் போகும் என்று, புதுச் சட்டியில் மாவிளக்கு ஏற்றித் தலையில் வைத்துச் சுற்றி வருவது. தங்கச்சியின் தலைக்குச் சட்டி பெரிது. அம்மா பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே நடந்தாள். நெய் வழிந்து தங்கச்சியின் நெற்றியில் இறங்கியது. சுட்டிருக்கும். அவள் வாயைத் திறக்கவில்லை. அழுதால் அடி விழும் என்று நினைத்தாளோ என்னவோ. "தலவலியாம்மா குழந்தைக்கு?" என்று யாரோ கேட்டார்கள். "ஆமா, தலவலி," என்றாள் அம்மா.

அப்பா நம்பியது பெட்டியை.

அதற்குள் ஒரு சல்லடை இருக்கிறது என்று எனக்குச் சொன்னார். ஒரு கட்டையை அமுக்கினால் கீழ்ச் சத்தம், மேல் சத்தம் எல்லாம் கலந்துதான் உள்ளே பிறக்கும். மேலே இருப்பதைச் சலித்து நிறுத்திவிட்டுக் கீழே இருப்பதை விடுவதுதான் அந்தச் சல்லடையின் வேலை. எங்கே நிறுத்துவது என்று ஒரு திருகு. நின்ற இடத்தில் சத்தத்தை எவ்வளவு பொங்கவைப்பது என்று இன்னொரு திருகு.

"வெறுமன சத்தத்த ஏத்தினா மேல இருக்கறதும் சேந்து ஏறி, தெருவே காதப் பொத்திக்கும்," என்றார். "மேல இருக்கறத வடிச்சுட்டா, கீழ எவ்ளோ வேணா ஏத்தலாம். ஆனா இவங்க வெச்ச சல்லட இவளுக்குப் போதல. இன்னும் கீழ எறங்கணும்."

கெப்பாசிட்டர் டின்னைக் கவிழ்த்தார். அந்தச் சல்லடைப் பலகையிலிருந்த சின்னச் சின்ன கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதற்குப் பதில் பெரியவற்றை வைத்துப் பற்றவைத்தார். பொங்குகிற இடத்துக்குப் போகும் பாதையில் எதையோ மாற்றினார். மைக் செட்டுக்காரரிடம் சொல்லி ஒரு பெரிய ஸ்பீக்கரை வாங்கி, தேக்குப் பலகையில் பெட்டி அடித்து மாட்டினார். கழற்றிய பழைய சாமான்களை எல்லாம் ஒரு காகிதத்தில் மடித்துப் பத்திரமாக வைத்தார். திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள் என்பதை அவர் ஒருநாளும் மறக்கவில்லை.

அது முடிந்த நாளிலிருந்து எங்கள் வீடு மாறியது. தங்கச்சியைக் கூப்பிட அப்பா இரண்டு கட்டைகளை அமுக்குவார். கீழ் ஒன்று, அதற்கு மேல் ஒன்று. ஸ்பீக்கர் உறுமும். தறியில் பாவு நூல் அதிரும். கொல்லைப்புறத்தில் இருந்தாலும் தங்கச்சி ஓடி வருவாள். வந்து நின்று, "என்னாப்பா?" என்பாள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் நாளெல்லாம் கூப்பிடுவார். அவள் முகத்துக்கு நேராக நின்று, வாயை அகலமாகத் திறந்து பேச நாங்களும் பழகிக்கொண்டோம். சின்னச் சின்ன மெட்டாக அப்பா வாசிப்பார். அவள் கூடவே பாடுவாள், ஆண்பிள்ளைக் குரலில். அவளுக்குக் கேட்டது அந்தக் குரல்தானே. அம்மாகூட சிரித்தாள்.

தெருவில் கேட்டவர்களிடம், பெட்டியை இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிறேன் என்றார் அப்பா.

மார்கழி பிறந்தபோது ஒருநாள் இரண்டு கட்டைகளை அமுக்கினார். அவள் வரவில்லை. இன்னும் பெரிய கெப்பாசிட்டர் போட்டார். வந்தாள். பொங்கலுக்குள் அதுவும் போதவில்லை. மறுபடி இறக்கினார். இப்போது பெட்டியில் மேல் கட்டைகள் எதை அமுக்கினாலும் சத்தமே வராது. கீழே மட்டும் பாறை உருள்கிற மாதிரி ஒரு முழக்கம். தங்கச்சி தேக்குப் பெட்டியில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு கேட்பாள்.

தை பிறந்ததும் குழுக்காரர் வந்தார். பெட்டியைப் போட்டுக் காட்டச் சொன்னார். மேல் கட்டை ஒன்றை அமுக்கினார். ஒன்றுமில்லை. நடுக்கட்டை. சட்டிக்குள் தலையை விட்டு முனகுகிற மாதிரி ஒன்று வந்தது. அவர் முகம் கறுத்தது.

"என்னாயா பண்ணி வெச்சிருக்க? நல்லாப் பாடற பெட்டிய ஊமையாக்கி வெச்சிருக்கியே!"

"சரி பண்ணிடறேன் அண்ணா. ஒரு மாசம் விடுங்க."

"ஒரு மாசமா? நாளான்னைக்கு முகூர்த்தம். உள்ள இருந்த சாமானக் கழட்டி வித்துட்டியா? சொல்லு. ஏன் இப்படிப் பண்ண?"

தெரு கூடிவிட்டது. அப்பா வாயைத் திறந்தார். உள் கதவோரம் அம்மா நின்றிருந்தாள், தங்கச்சியின் தலைமேல் கையை வைத்துக்கொண்டு. அப்பா வாயை மூடிக்கொண்டார்.

"தெரியாம பண்ணிட்டேன் அண்ணா," என்றார்.

"தெரியாதவனுக்கு எதுக்குயா கடை? நாளைக்குச் சாயந்தரம் வருவேன். பழையபடி இருக்கணும். இல்ல, போலீசோடத்தான் வருவேன்."

'சாமானைத் திருடி விற்றவன்' என்ற பேர் அன்று வந்தது. நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்குப் பிறகு யாரும் எங்கள் கடைக்கு நல்ல ரேடியோவைக் கொண்டுவரவில்லை.

மறுநாள் பகல் முழுக்க அப்பா உட்கார்ந்து அந்தச் சல்லடையைப் பழையபடி ஆக்கினார். ஆரம்பிக்கும் முன் தங்கச்சியைக் கூப்பிட்டார், அந்த இரண்டு கட்டைகளால். அவள் வந்து தேக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வெகுநேரம் வாசித்தார். பிறகு சூட்டுக்கோலை எடுத்தார். காகித மடிப்பைப் பிரித்து, பழைய சாமான்களை அதனதன் இடத்தில் வைத்துப் பற்றவைத்தார். தங்கச்சி எழுந்து போகவில்லை. முடிந்தால் மறுபடி வாசிப்பார் என்று அங்கேயே காத்திருந்தாள்.

முடித்ததும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கட்டையை அமுக்கினார். கீச்சென்று, சுத்தமாக, புதுசு மாதிரி வந்தது.

தங்கச்சி அவரையே பார்த்தாள். "அமுத்துப்பா," என்றாள்.

அவர் அடுத்த கட்டையை அமுக்கினார்.

"அமுத்துப்பா!"

அப்பா அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "அமுத்திக்கினுதான்மா இருக்கேன்."

"பொய்," என்றாள் தங்கச்சி. அவர் கையைப் பிடித்து இழுத்துக் கட்டைமேல் வைத்துத் தானே அழுத்தினாள். வீடு முழுக்க அந்தக் கீச்சுச் சத்தம் நிறைந்தது. அவள் ஸ்பீக்கரில் காதை வைத்தாள். எடுத்தாள். வேறு இடத்தில் வைத்தாள். பிறகு எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஏதோ தப்புச் செய்துவிட்டவள்போல் எழுந்து அம்மாவிடம் போய் நின்றாள்.

சாயந்தரம் கைவண்டி வந்தது. அந்த முகூர்த்தத்தில் சிந்துப் பெட்டி பிரமாதமாகப் பாடியது என்று ஊரே பேசியது.

அப்பா பிறகு கையில் கிடைத்த சாமான்களை வைத்துத் தானே ஒரு பெட்டி செய்யப் பார்த்தார். சித்திரையில் அது உறுமத் தொடங்கியது. அப்போது தங்கச்சிக்கு அதுவும் கேட்கவில்லை. ஆனி மாதம் மெட்ராஸில், காது கேளாத பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளியில் அவளைச் சேர்த்தார்கள். சித்தி வீட்டில் படிக்கிறாள் என்று தெருவில் சொன்னோம். நம்பினீர்கள்.

அங்கே அவள் நன்றாகத்தான் வளர்ந்தாள். கையால் பேசக் கற்றாள். அச்சகத்தில் வேலை, அங்கேயே தன்னைப் போன்ற ஒருவரோடு கல்யாணம், இரண்டு பிள்ளைகள். யாரும் கட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று அம்மா பயந்ததெல்லாம் வீண். நான் அவளிடம் கொஞ்சம் கைப்பேச்சு கற்றுக்கொண்டேன். அப்பா கற்கவில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அவளும் பார்ப்பாள். அவ்வளவுதான்.

அப்பா போன பத்தாம் நாள், வயதாகித் தளர்ந்துபோய், குழுக்காரர் துக்கம் கேட்க வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தவர், தங்கச்சி தன் பிள்ளைகளோடு கையால் பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்பலருந்து?" என்றார் என்னிடம்.

இனி யாருக்காக மறைப்பது? நான் சொன்னேன். பெட்டியைப் பற்றியும் சொன்னேன், ஊசியை மட்டும் விட்டுவிட்டு. அவருடைய வெற்றிலை வாய் அசைவது நின்றது.

"அடப்பாவி," என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. "எனக்கும் ஒரு பொண்ணு இருந்துது. காய்ச்சல்ல போயிடுச்சு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தப் பெட்டிய இங்கயே விட்டுட்டுப் போயிருப்பேனே. ஆர்மோனியம் வெச்சிக்கினு ஒப்பேத்தியிருப்பேனே."

அம்மா தூணோரம் உட்கார்ந்திருந்தாள். கேட்டாள். எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். தங்கச்சி என்னைத் தொட்டு, அவர் என்ன சொன்னார் என்று கையால் கேட்டாள். அப்பா நல்ல மனுஷர் என்று சொல்கிறார் என்றேன். அவள் அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

எல்லோரும் போனபின், விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"சாப்பிட்டியான்னு கையில எப்படிக் கேக்கறது?"

காட்டினேன். அம்மா தங்கச்சியின் எதிரில் போய் உட்கார்ந்து, தறிக்குப் பழகிய அந்தத் தடித்த விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனாள். சரியாக வரவில்லை. தங்கச்சி அந்த விரல்களைப் பிடித்துத் திருத்திவைத்தாள். அம்மா மறுபடி கேட்டாள்.

வேறு சொல் எதையும் அம்மா கற்றுக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு இருந்த வருஷங்களில் தங்கச்சி எப்போது வந்தாலும் அந்த ஒன்றையேதான் கேட்பாள். வாசலில் கேட்பாள், உள்ளே வந்ததும் கேட்பாள், சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் கேட்பாள். ஒவ்வொரு முறையும் தங்கச்சி இல்லை என்று தலையசைத்துவிட்டு, தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள்.